பளபளக்கும் கம்பியை நம்பலாமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக: பினாங்கில் வசிக்கிறேன், வயது 57. தொழிற்சாலைப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். லங்காவியில் நிற்கும் 37 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கப் பேசிவருகிறேன். 1989இல் கட்டிய ஃபைபர் படகு. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், 2,900 மணி நேரம் ஓடியிருக்கிறது. வாங்கிய பிறகு செலவழிக்க 60,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, சோலார், கடல் வரைபடம் காட்டும் புதிய சார்ட் பிளாட்டர், மெத்தைகள் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு வயது 14. “ஸ்டெயின்லெஸ்தானே, புதுசு மாதிரி இருக்கு” என்கிறார் விற்பவர். ஒரு தடவை மணல்திட்டில் லேசாக உட்கார்ந்தது என்றும் சொன்னார். படகின் அடியில் சிறு கொப்புளங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்கவே வேண்டாம் என்கிறார் என் நண்பர். நானே பொறியாளன், படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா? வரும் ஜனவரியில் மனைவியோடு திருகோணமலை போக ஆசை, அவருடைய தாத்தா பிறந்த ஊர். அவருக்குக் கடல் பயம். கூட வந்தால் போதும், வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். ஆண்டில் ஆறு மாதம் மகள் வீட்டில் இருப்போம். அப்போது படகு, படகுகளை நிறுத்தும் துறையான மரினாவில் நிற்கும்.

படகு ஆய்வாளரின் பதில்:

வணக்கம் ஐயா. விற்பவர் சொன்னதையும் நண்பர் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வது எளிதாகிறது. நீங்கள் பார்த்திருக்கும் படகு கெட்ட படகு என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. உங்கள் செலவுப் பட்டியல்தான் தலைகீழாக இருக்கிறது. 60,000 ரிங்கிட்டில் முதல் ரிங்கிட் தண்ணீர் உள்ளே வராமல் இருப்பதற்கு. அடுத்தது பாய்மரமும் சுக்கானும் அதனதன் இடத்தில் நிற்பதற்கு. பிறகு எஞ்சின். மிச்சமிருந்தால் சோலார், மெத்தை. குடிநீர்க் கருவியை இந்த ஆண்டு பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கொப்புளம் பயமுறுத்தும், கம்பி ஏமாற்றும்

முதலில் நண்பரின் பயம். அந்தக் காலத்துப் பாலியெஸ்டர் பிசினில் கட்டிய படகுகளில் கடல்நீர் மெல்ல ஊறி, உள்ளே கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து அமிலத் திரவமாகி மேற்பூச்சைத் தள்ளும். குத்தினால் புளிக்காடி வாசனையோடு ஒரு சொட்டு வெளியே வரும். இதைத்தான் ஆஸ்மோசிஸ் என்கிறார்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் இதனால் மூழ்கிய படகுகள் மிக அரிது. பட்டாணி அளவில் முப்பது நாற்பது கொப்புளம் என்றால் ஒவ்வொன்றையும் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, காயவிட்டு, எபாக்ஸி நிரப்பி மூடிவிடலாம். அடிப்பாகம் முழுவதும் மேற்பூச்சைச் சீவி எடுத்துச் செய்யும் வைத்தியம் வேறு கதை. லங்காவியின் ஈரக்காற்றில் படகின் உடல் காய்வதற்கே மாதங்கள் ஆகும், பணமும் கரையும். ஆகவே கொப்புளங்களை எண்ணுங்கள், படம் எடுங்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதற்கு மேல் தூக்கம் கெட வேண்டியதில்லை.

தூக்கம் கெட வேண்டியது கம்பிகளுக்காக. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. அதைக் காப்பது மேலே படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம், அந்தப் படலம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றுபடும் நடுப்பகுதி அதனால்தான் இருபது வருடமானாலும் பளபளக்கும். கம்பியின் கீழ்முனை ஒரு உலோகக் குழலுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறது பாருங்கள், ஸ்வேஜ் என்பார்கள். உப்புத் தண்ணீர் கம்பி வழியே வடிந்து அந்தக் குழலுக்குள் தேங்குகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்குகிறது, மறுநாள் மீண்டும். உள்ளே ஆக்சிஜன் இல்லை. அங்கேதான் அரிப்பு தொடங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. குழலில் முடியிழைபோல் நீளவாக்கில் ஒரு விரிசல், கம்பி குழலுக்குள் நுழையும் இடத்தில் தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்பு, பத்தொன்பது இழைகளில் ஒன்று மட்டும் உடைந்து விரல் கீறும் அளவுக்குத் துருத்திக்கொண்டிருப்பது: அது தரும் எச்சரிக்கை அவ்வளவுதான். ஓர் இழை உடைந்தாலே அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்தது.

பத்து, பன்னிரண்டு ஆண்டில் மாற்றிவிடுவது பொதுவான வழக்கம், வெப்பமண்டலத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால். காப்பீட்டு நிறுவனங்களும் கம்பிகளின் வயதைக் கேட்கும். 14 வயதுக் கம்பியோடு பாய்மரம் விழுந்தால் பணம் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். மாற்றும்போது கம்பியை மட்டும் மாற்றிவிட்டு அதை இறுக்கும் முறுக்குத் திருகுகளையும் டாகிள் என்ற இணைப்புத் துண்டுகளையும் பழையதாக விட்டுவிடுகிறார்கள். அது அரைக்கிணறு தாண்டுவது. கம்பிகள் படகோடு இணையும் செயின்பிளேட் பட்டைகள் டெக்கை, அதாவது மேல்தளத்தை, துளைத்து உள்ளே போகும் இடமும் காற்றுப்படாத ஈர இடம்தான். ஒன்றையாவது கழற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். டெக்குக்குள் மறைந்திருந்த இரண்டு அங்குலத்தில் குழிகள் தெரிந்தால் மற்றவற்றையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

“லேசாக உட்கார்ந்தது”

விற்பவர் போகிறபோக்கில் சொன்ன இந்த வார்த்தை, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. 2014 மே மாதம் சீக்கி ராஃபிக்கி என்ற பாய்மரப் படகு அட்லான்டிக் நடுவில் கீலை, அதாவது படகு கவிழாமல் காக்க அடியில் பொருத்திய கனமான துடுப்பை, இழந்து கவிழ்ந்தது, நால்வர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும் அதையடுத்த பழுதுபார்ப்புகளும் கீல் பொருந்தியிருந்த அடிக்கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்பதுதான் பிரிட்டனின் கடல்விபத்து விசாரணைப் பிரிவு சொன்னது. உங்கள் படகுக்கும் அதேதான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தரைதட்டிய அடி எங்கே தெரியும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கீல் தரையில் முட்டும்போது அதன் முன்பக்கம் கீழே இழுபடும், பின்பக்கம் மேலே குத்தும். ஆகவே உள்ளே, கீலின் பின்முனைக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டங்களைத்தான் டார்ச்சோடு பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடுகள், பிசின் விட்டுப்போன இடைவெளி, புதிதாகப் பெயிண்ட் அடித்து மறைத்த ஒரு சதுரம் எதுவும் இருக்கக் கூடாது. தரைப்பலகையை எடுத்து ஒவ்வொரு கீல் போல்ட்டின் நட்டையும் சுற்றித் துரு வடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரேனில் தூக்கியபடி தொங்கும்போது கீலுக்கும் உடலுக்கும் நடுவே கோடு விரிகிறதா, இறக்கி வைத்ததும் மூடுகிறதா என்பதையும் யாராவது அருகில் நின்று பார்க்க வேண்டும். அதே நேரத்தில் சுக்கானைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தண்டு லொடலொடவென்றால் பேரிங் போய்விட்டது. சுக்கானின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டினால் உள்ளே பற்றவைத்த பட்டைகள் ஊறிக்கிடக்கின்றன என்று அர்த்தம்.

தண்ணீர் வரும் வழிகள்

கழிப்பறை, சமையலறைத் தொட்டி, எஞ்சின் குளிர்ப்பு என்று இந்த அளவுப் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே ஐந்தாறு துளைகளாவது இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சீகாக் வால்வு. ஒரு கணக்கு சொல்கிறேன், பொறியாளர் என்பதால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் துளை திறந்துகொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே கொட்டும். மணிக்கு 2,000 கேலன் என்று பெட்டியில் அச்சடித்த பம்ப்கூடக் காகிதக் கணக்கில் நிமிடத்துக்கு 126 லிட்டர்தான் தள்ளும். குழாய் உயரத்தையும் வளைவையும் கழித்தால் இன்னும் குறைவு.

எண்பதுகளின் படகுகள் பலவற்றில் இந்த வால்வுகள் சாதாரணப் பித்தளை. கடல்நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும், மிச்சம் நிற்பது பஞ்சுபோன்ற செம்பு. படகு கரையில் இருக்கும்போது வால்வின் விளிம்பைக் கத்திமுனையால் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் சரி; இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதை நம்பி ஒருநாள்கூடப் படகில் தூங்காதீர்கள். மாற்றுவது வெண்கலத்திலோ துத்தநாகம் கரையாத டி.இசட்.ஆர். பித்தளையிலோ இருக்கட்டும். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கிளிப். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்திலேயே, வால்வு உடைந்தால் துளையை அடைக்க, கயிற்றில் கட்டிய கூம்பு மரக்கட்டை ஒன்று. அலமாரிக்குள் பத்திரமாக வைத்த மரக்கட்டை வெள்ளத்தில் கைக்கு வராது.

கூடவே ஆனோடுகள், அதாவது மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாம் கரைந்து அவற்றைக் காக்கும் உலோகத் துண்டுகள். கடல்நீருக்குத் துத்தநாகமோ அலுமினியமோ. மக்னீசியம் நன்னீருக்கு மட்டும். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள், மேலே பெயிண்ட் அடிக்காதீர்கள் (அடிப்பவர்கள் இருக்கிறார்கள்). இரண்டு மாதத்தில் கரைந்துபோனால் மரினாவின் கரை மின்சாரம் வழியே பக்கத்துப் படகுகளுக்கும் சேர்த்து உங்கள் ஆனோடு உழைக்கிறது. கரை மின்சாரத்தின் எர்த் கம்பியில் இந்த அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் போடுங்கள்.

எஞ்சின்

2,900 மணி நேரம் ஒரு டீசலுக்கு வயதே இல்லை. ஓடாமல் நின்றதுதான் அதைக் கெடுக்கும். பார்க்கப் போகும் அன்று முதல் வேலையாக எஞ்சின்மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருமுன் யாரோ கிளப்பிச் சூடாக்கியிருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் கிளம்புகிறதா என்பதுதான் பரீட்சை. பிறகு கடலில், முழு வேகத்தில் பத்து நிமிடம். வெப்பமானி ஏறினால் வெப்பமாற்றியோ புகை வெளியேறும் வளைகுழாயோ அடைத்திருக்கலாம். கறுப்புப் புகை என்றால் முதலில் புரொப்பெல்லரில் ஒட்டிய சிப்பியைப் பாருங்கள், பிறகுதான் எஞ்சினைச் சந்தேகியுங்கள். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது.

எஞ்சின் நடுக்கடலில் நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் அழுக்கு டீசல். மரினாவில் ஆண்டுக்கணக்கில் அடியில் படிந்த கசடு முதல் பெரிய அலையில் கலங்கி வடிகட்டிக்குப் போகும். அதாவது உங்களுக்கு எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில். வாங்கியவுடன் டேங்கைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். முதல்நிலை வடிகட்டி ஆறு, இரண்டாம்நிலை மூன்று, குளிர்ப்பு நீர் பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் மூன்று, பெல்ட் இரண்டு கையிருப்பில் இருக்கட்டும். வடிகட்டி மாற்றிவிட்டு எரிபொருள் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலையைத் துறைமுகத்திலேயே இரண்டு முறை செய்து பழகுங்கள்.

நீங்கள் பொறியாளர்தான், ஆனாலும்...

மேலே சொன்னதில் பாதியை நீங்களே பார்த்துவிடுவீர்கள். ஆனால் சர்வேயரின் அறிக்கை இல்லாமல் இந்த வயதுப் படகுக்கு முழுக் காப்பீடு கிடைப்பது கடினம். விலை பேசவும் மூன்றாம் மனிதரின் காகிதம் உங்கள் சொல்லைவிட எடை கூடியது. இன்னொன்றும் இருக்கிறது: ஆசைப்பட்ட படகை எவரும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதில்லை, தடவித்தான் பார்ப்பார்கள். டெக்கைத் தட்டும்போது ‘டக்’ என்ற ஒலி ‘தொப்’ என்று மாறும் இடத்தில் உள்ளே பால்சா மரம் ஊறிப்போயிருக்கும், அதைச் சர்வேயரின் காது விடாது. ஆனால் சாதாரண சர்வேயில் எஞ்சினைப் பிரிப்பதும் பாய்மர உச்சிக்கு ஏறுவதும் சேராது. அவற்றுக்கு மெக்கானிக்கையும், பாய்மரமும் கம்பிகளும் பார்க்கும் ரிக்கரையும் தனியாகக் கூப்பிட வேண்டும். சர்வேயரை விற்பவரோ தரகரோ பரிந்துரைத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

முன்பணம் கொடுத்தால், “கரையேற்றிய சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டுமே” என்ற நிபந்தனை எழுத்தில் இருக்கட்டும். பதிவுச் சான்று, விற்பவர் வாங்கியபோது பெற்ற விற்பனைப் பத்திரம், எஞ்சின் எண், உடல் எண் நான்கும் ஒத்துப்போக வேண்டும். பட்டறைக்கோ மரினாவுக்கோ பாக்கி இருந்தால் அது புது உரிமையாளரின் தலையில் வந்து விடியலாம். பாக்கி இல்லை என்று மரினா அலுவலகத்திடமே எழுதி வாங்குங்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். லங்காவி வரியில்லாத் தீவு, நீங்கள் இருப்பது பினாங்கில். அங்கே வாங்கிய படகை ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்துவது இறக்குமதியாகக் கருதப்படலாம். விலை முடிக்குமுன் சுங்க அலுவலகத்தில் எழுத்தில் பதில் பெறுங்கள். “எல்லாரும் சும்மாதான் கொண்டுவர்றாங்க” என்ற படகுத்துறைப் பேச்சு அபராதம் கட்டாது.

ஆறு மாதம் பூட்டி வைப்பதென்றால்

குடிநீர்க் கருவி வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். அதன் சவ்வு வாரக்கணக்கில் சும்மா நின்றால் கெட்டுப்போகும். ஒவ்வொரு முறையும் பாதுகாப்புத் திரவம் ஏற்றி வைக்க வேண்டும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டாலும் போச்சு. இருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்குப் பத்து லிட்டர் என்றால் 300 லிட்டர்த் தொட்டி ஒரு மாதம் வரும். உங்கள் பயணம் பத்து நாள்.

நீண்ட நாள் விட்டுப் போவதற்கு, தண்ணீரில் நிற்பதைவிடக் கரையேற்றி வைப்பதே நிம்மதி. தண்ணீரில்தான் என்றால், சுக்கான் பிடிப்பவர் அமரும் காக்பிட்டின் மழைநீர் வடிகாலைத் தவிர மற்ற எல்லாச் சீகாக்குகளையும் மூடுங்கள். டீசல் டேங்கை விளிம்புவரை நிரப்பிக் கிருமிக்கொல்லி ஊற்றுங்கள். காலி இடம் இருந்தால் ஈரம் படியும், ஈரத்தில் பூஞ்சை வளரும். பாய்களை இறக்கி உள்ளே வையுங்கள். வெயில் முதலில் தின்பது துணியை அல்ல, தையல் நூலை. நகத்தால் நெருடினாலே நூல் அறுந்தால் மறுதையல் போடும் நேரம் வந்துவிட்டது. ஆன்டெனா இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள், மலாக்கா நீரிணைப் பக்கம் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும், எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பில்ஜில், அதாவது தரைப்பலகைக்கு அடியிலுள்ள பள்ளத்தில், போய்த் தேங்கும். அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் கொண்டுபோகாதீர்கள், கரப்பான் முட்டை அதன் மடிப்பில்தான் வரும். மாதம் ஒருமுறை வந்து பில்ஜைத் திறந்து பார்த்துப் படம் அனுப்ப ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள்.

திருகோணமலையும் துணைவியாரும்

ஜனவரி என்று நீங்கள் கணித்திருக்கும் பருவம் சரியானதே. வாடைக்காற்று பக்கவாட்டிலோ பின்னாலோ கிடைக்கும். தூரம் சுமார் 1,100 கடல் மைல், ஐந்து நாட் வேகத்தில் (மணிக்கு ஐந்து கடல் மைல்) ஒன்பது, பத்து நாள். 150 லிட்டர் டீசல் என்றால் மணிக்கு மூன்று லிட்டர் வீதம் 50 மணி நேரம், முந்நூறு மைல்கூட வராது. ஆக எஞ்சினை நம்பிக் கடக்கும் வழி அல்ல இது. நிக்கோபார் தீவுகள் அருகில் தெரியும், ஆனால் அனுமதியில்லாமல் ஒதுங்க முடியாது. இருவர் மட்டும் என்றால், தூக்கம் ஆளுக்கு மூன்று மணி நேரத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். சில காப்பீட்டாளர்கள் இத்தகைய பயணத்துக்கு மூன்றாவது ஆள் வேண்டும் என்று கேட்பதும் உண்டு.

அதனால் வரும் ஜனவரி வேண்டாம். வரும் பருவத்தில் லங்காவியிலிருந்து புக்கெட் வரை, தருத்தாவ், ரோக், லந்தா தீவுகள் வழியாகப் போய்வாருங்கள். பகல் வெளிச்சத்திலேயே அடுத்த நங்கூர இடத்தை அடைந்துவிடலாம். நங்கூரக் கணக்கு அங்கே கைவரும்: ஆழம் 6 மீட்டர், முன்முனையின் உயரம் 1.2, ஏறப்போகும் ஓதம் 2.5, மொத்தம் 9.7, அதைப் போல ஐந்து மடங்கு, ஏறத்தாழ 50 மீட்டர் சங்கிலி. நங்கூரம் இறக்கும்போது பார்த்த ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள்தான் நள்ளிரவில் நகர்ந்து பக்கத்துப் படகில் முட்டுகிறார்கள்.

“அவர் கூட வந்தால் போதும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது போதாது. அவருடைய பயத்துக்குக் காரணமே அதுவாக இருக்கலாம்: உங்களுக்கு ஏதாவது ஆனால் படகில் தான் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. ஐந்து வேலைகளை அவர் தனியாகச் செய்யப் பழகட்டும். எஞ்சினைக் கிளப்பி நிறுத்துவது, முன்பாயைச் சுருட்டுவது, நங்கூரம் இறக்குவது, வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனலில் படகின் பெயரையும் இருக்குமிடத்தையும் சொல்லி ‘மேடே’ என்று ஆபத்துதவி அழைப்பது. முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்து, சுக்கான் சக்கரத்தையும் காற்று வரும் பக்கம் திருப்பிக் கட்டிப் படகைக் கிட்டத்தட்ட அசையாமல் நிறுத்தி வைப்பது. கடைசியாகச் சொன்னது தெரிந்தால், பலத்த காற்றிலும் மூச்சு வாங்கிக்கொள்ள ஓர் இடம் உண்டு என்ற தைரியம் வரும்.

பிறகு அமைதியான ஒரு காலையில், ஆள் விழுந்ததாக வைத்துக்கொண்டு, ஒரு ஃபெண்டரில் (படகு உரசாமல் தொங்கவிடும் காற்றுத் தலையணை) வாளியைக் கட்டிக் கடலில் போட்டுவிட்டு, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அவரே படகைத் திருப்பி, அருகே கொண்டுவந்து, அதை எடுக்கட்டும். அடுத்த கட்டமாக, நங்கூரமிட்டிருக்கும்போது நீங்களே தண்ணீரில் இறங்குங்கள். பாயேற்றும் கயிற்றையும் அதைச் சுற்றி இழுக்கும் வின்ச்சையும் வைத்து, நனைந்த துணியோடு உங்களை அவர் ஒருவராகவே டெக்குக்கு ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். முதல் முறை முடியாது. கொக்கி எட்டாது, கயிறு நீளம் போதாது, வின்ச் கைப்பிடி கீழே கேபினில் கிடக்கும். அதையெல்லாம் சரிசெய்து, அவர் உங்களைத் தூக்கிவிட்ட பிறகு திருகோணமலைக்குத் தேதி குறியுங்கள். தேதியை அவரே குறிக்கட்டும்.